விளக்கை எடுத்துப் போன பிறகு

அன்புள்ள ஐயா,

எனக்கு முன்கோபம் அதிகம். பிள்ளைகளிடம் கத்திவிட்டு, ராத்திரி அதையே நினைத்துத் தூக்கம் வராமல் கிடப்பேன். செனகா கோபத்தைப் பற்றி எழுதிய நூலைப் படிக்கச் சொன்னார் ஒரு நண்பர். ரோமச் சக்கரவர்த்தி நீரோவுக்கு ஆசிரியராக இருந்த பெரும் பணக்காரர் செனகா. சொல்வது ஒன்று செய்வது ஒன்று என்று வாழ்ந்த ரோமானியரிடம் நான் என்ன கற்க முடியும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் கேட்டதை அவர் காலத்திலேயே கேட்டுவிட்டார்கள். எந்த ஞானத்தை வைத்து நாலே வருஷத்தில் 30 கோடி செஸ்டெர்ஸ் (ரோம நாணயம்) சேர்த்தார் என்று செனகாவின் எதிரி சூயிலியஸ் கேட்டதை ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதிவைத்திருக்கிறார். கி.பி. 59-ல் நீரோ பெற்ற தாயையே கொன்றபோது, அதற்குச் சப்பைக்கட்டு கட்டி செனட்டுக்குப் போன கடிதத்தை எழுதியது செனகாதான் என்று ஊர் பேசியதையும் டாசிடஸ் விடவில்லை. இதற்கெல்லாம் நான் வக்காலத்து வாங்கமாட்டேன்.

ஆனால் நான் ஞானி இல்லை என்று செனகாவே எழுதியிருக்கிறார். தினமும் என் குறைகளில் கொஞ்சம் கழிந்தால் போதும் என்கிறார். அதற்கு அவர் என்ன செய்தார் என்பது உங்கள் நண்பர் சொன்ன நூலின் மூன்றாம் பகுதியில், 36-ஆம் அத்தியாயத்தில் வருகிறது. ராத்திரி. விளக்கை எடுத்துப் போயாகிவிட்டது, இவர் வழக்கம் தெரிந்த மனைவியும் பேச்சை நிறுத்திவிட்டார். அன்று பேசியது, செய்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எடுத்துப் பார்க்கிறார். தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார்: அந்த விவாதத்தில் சண்டைக்குப் போகிற மாதிரி பேசினாய். அந்த ஆளைக் கண்டித்தாயே, அவன் திருந்தவில்லை, மனம் புண்பட்டதுதான் மிச்சம். இனி இப்படிச் செய்யாதே, இந்தத் தடவை மன்னித்துவிட்டேன்.

அந்த மன்னிப்பைக் கவனியுங்கள். நீங்களும் இருட்டில் படுத்து அதே கணக்கைத்தான் பார்க்கிறீர்கள், ஆனால் உங்களைத் திட்டிக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறீர்கள், அப்புறம் தூக்கம் கெட்ட எரிச்சல் காலையில் அதே பிள்ளைகள் மேல்தான் போய் விழும்.

போன வாரம் என் மகள் கணக்கு நோட்டில் தண்ணீரைக் கொட்டிவிட்டாள். கத்தினேன். ராத்திரி யோசித்தால், நனைந்தது ஒரே ஒரு பக்கம். கோபம் அதற்குச் சற்று முன் போனில் பேசியவர் மேல். காலையில் இருவருமாக உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதினோம்.

36 முடிந்ததும் 40-ஐயும் படியுங்கள். வேடியஸ் போலியோ என்ற ரோமப் பணக்காரன் வீட்டு விருந்தில் அடிமைப் பையன் ஒருவன் பளிங்குக் கோப்பையை உடைத்துவிடுகிறான், அவனைக் குளத்தில் வளர்க்கும் பெரிய மீன்களுக்கு இரையாகப் போடச் சொல்கிறான் வேடியஸ். விருந்துக்கு வந்திருந்த சக்கரவர்த்தி அகஸ்டஸ் காலில் விழுந்த பையன் உயிரைக்கூடக் கேட்கவில்லை, வேறு எப்படியாவது சாகிறேன், மீன் தின்ன வேண்டாம் என்கிறான். அகஸ்டஸ் அவனை விடுவித்து, அங்கிருந்த பளிங்குக் கோப்பைகள் அத்தனையையும் தன் கண்ணெதிரே உடைக்கச் சொல்லி, குளத்தையும் தூர்க்கச் சொன்னார்.

படித்துவிட்டு எழுதுங்கள்.