மடக்குக் கத்தியோடு குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டலாமா?

கேள்வி: ஐயா, எனக்குத் தேனி மாவட்டம் கூடலூர். குமுளிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கும் மேற்பார்வையும் பார்க்கிறேன். தினமும் ஜீப்பில்தான் போய்வருகிறேன். என்னிடம் இரண்டு மடக்குக் கத்திகள் இருக்கின்றன. ஒன்று, மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த வெங்கர் கம்பெனியின் சுவிஸ் கத்தி. சிவப்புப் பிடி, மடக்கினால் 85 மில்லிமீட்டர். இன்னொன்று தாத்தாவுடையது. வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தபோது வெள்ளைக்காரத் தொரை கொடுத்தது என்பார். அலகின் அடியில் நட்சத்திரம், சிலுவை, 'ஜோசப் ராட்ஜர்ஸ்' என்ற பெயர் பொறித்திருக்கிறது. பிடி பழுப்பும் வெள்ளையுமாக, மரப்பட்டை மாதிரி சொரசொரவென்று இருக்கும். போன மாதம் தாத்தா தவறினார். கத்தி என் கைக்கு வந்தது. இரண்டுமே இப்போது தயாரிப்பில் இல்லை என்கிறார்கள். இவற்றைப் பையில் வைத்துக்கொண்டு செக்போஸ்ட் தாண்டினால் பிடித்துப் போடுவார்கள் என்று ஜீப்பில் பயமுறுத்துகிறார்கள். வைத்திருக்கலாமா, பயன்படுத்தலாமா? கோட்டயத்துக்காரர் ஒருவர் தாத்தா கத்திக்கு நல்ல விலை தருகிறேன் என்கிறார், கொடுக்கலாமா?

பதில்: தம்பி, நீங்கள் பயப்படுவது வெங்கருக்கு. நான் யோசிப்பது தாத்தா கத்தியின் பிடியைப் பற்றி. அதற்குப் பிறகு வருகிறேன்.

வெங்கரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தைரியமாக ஜீப் ஏறுங்கள். கம்பெனி மூடியதா, மாடல் நின்றதா என்பதெல்லாம் சட்டத்துக்குப் பொருட்டே இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அதன் கீழ் வந்த 2016 விதிகளும் அலகின் அளவையும் அது எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது என்பதையும்தான் பார்க்கின்றன. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால்தான் விதிகளின் ஆயுதப் பட்டியலுக்குள் வரும். அப்போதும் வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்ததற்கு விலக்கு உண்டு. உங்கள் ஜீப்பில் சீட்டுக்கு அடியில் கிடக்கும் வாக்கத்தியையும் கவாத்துக் கத்தியையும் இத்தனை வருடமாக யாரும் இறக்கச் சொல்லவில்லையே, அதற்குக் காரணம் இதுதான். வெங்கரின் பெரிய அலகே ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர். விரல் நகத்தை வைத்து இரண்டு கையால் திறக்க வேண்டிய கத்தி, பூட்டு இல்லாதது.

பட்டனை அமுக்கினால் பாய்ந்து திறக்கும் கத்தி வேறு கணக்கு. டெல்லியில் 1980இல் வந்த அறிவிக்கை அந்த வகைக்கு 7.62 சென்டிமீட்டர் நீளம், 1.72 சென்டிமீட்டர் அகலம் என்று தனி எல்லையே வைத்தது. அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் வீட்டோடு இருக்கட்டும். எந்த ஊர் போலீஸாக இருந்தாலும் அதைப் பழம் நறுக்க வைத்திருக்கிறேன் என்றால் நம்பமாட்டார்கள்.

குமுளியில் பையைத் திறக்கச் சொல்வது பெரும்பாலும் கஞ்சாவுக்காக. கத்தி தட்டுப்பட்டால், மடக்கியபடியே எடுத்துக் கொடுங்கள். திறந்து காட்ட வேண்டாம். என்னத்துக்கு என்று கேட்டால், தோட்டத்தில் சாக்குக் கயிறு அறுக்க, மருந்து டப்பா பிரிக்க என்று உள்ளதைச் சொல்லுங்கள். 'ஒரு பாதுகாப்புக்கு வச்சிருக்கேன் சார்' என்று மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். கருவியை ஆயுதமாக்குவது அந்த ஒரு வார்த்தைதான். இதைச் சொல்லி மாட்டிக்கொள்பவர்கள் முக்கால்வாசிப் பேர் நல்ல பையன்கள் என்பது வேறு விஷயம்.

தடை உத்தரவு இருக்கும் நாள்களில் கத்தியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். முன்பு 144 என்றோம். 2024 ஜூலையிலிருந்து அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163ஆம் பிரிவு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பதற்றத்தின்போது எல்லையின் இரண்டு பக்கமும் போட்டார்களே, அதேதான். அந்த உத்தரவுகளில் கம்பு, கத்தி எதையும் கொண்டுபோகக் கூடாது என்று எழுதிவிடுவார்கள். அப்போது அங்குலக் கணக்கு பேச முடியாது. தேர்தல் சமயத்திலும் கவனம். கொச்சியிலோ மதுரையிலோ விமானம் ஏறுவதாக இருந்தால் செக்-இன் பெட்டிக்குள் போய்விட வேண்டும். கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள், திரும்பக் கிடைக்காது.

நம் பக்கத்து ஆட்கள் பலருக்குத் தெரியாத விஷயம் காடு. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆயுதம்' என்பதற்கு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். துப்பாக்கி, வில், விஷம், வலை, கண்ணி என்று போகும் அந்த வரிசையில் கத்தியும் இருக்கிறது. எத்தனை அங்குலம் என்று அங்கே ஒரு பேச்சும் இல்லை. அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு, எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது என்கிறது. ஆக, செக்போஸ்ட்டில் ஒன்றுமே இல்லாத அதே வெங்கர், பெரியாறு புலிகள் காப்பகத்தின் கேட்டைத் தாண்டினால் ஆயுதம். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வந்தார்கள் என்று தேக்கடிப் படகுக்குக் கூட்டிப்போகிறீர்கள், மேகமலைப் பக்கம் மலையேறப் போகிறீர்கள், சித்ரா பௌர்ணமிக்குப் பளியன்குடி வழியாகக் கண்ணகி கோயிலுக்கு நடக்கிறீர்கள்: இந்த நாள்களிலெல்லாம் கிளம்புமுன் சட்டைப்பையையும் பையின் ஓரத்து ஜிப்பையும் ஒரு தடவை தடவிப் பாருங்கள். தினமும் கூடவே இருக்கும் பொருள் என்பதால்தான் மறந்துபோகும்.

இப்போது தாத்தா கத்தி. பழுப்பும் வெள்ளையுமாக மரப்பட்டை மாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். அது மான்கொம்பாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் ஸோலிங்கனிலும் கத்திப் பிடிக்குப் பெயர்போனது நம் ஊர் மிளாவின், அதாவது கடமானின், கொம்பு. சேகரிப்பாளர்கள் இன்றும் அதை 'இந்தியா ஸ்டாக்' (ஸ்டாக் என்றால் ஆண்மான்) என்றே சொல்கிறார்கள். நம் காட்டில் உதிர்ந்த கொம்பு கப்பலேறிப் போய், தொரையின் பைக்குள் உட்கார்ந்து, மறுபடி வண்டிப்பெரியாறு வந்திருந்தால் அதிசயம் இல்லை. ஆனால் மிளாக் கொம்பும், அதில் செய்த பொருளும் வன உயிரினச் சட்டத்துக்குள் வருபவை. நூறு வருடப் பழசு, வெளிநாட்டில் செய்தது, அன்பளிப்பாக வந்தது என்று சொல்லித் தப்ப முடியாது.

முதலில் அது கொம்புதானா என்று பார்க்க வேண்டும். பத்து மடங்கு காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் பிடியின் மேல்முகத்தைப் பாருங்கள். மாட்டெலும்பாக இருந்தால் ஊசிமுனை அளவுக்குக் கருப்புப் புள்ளிகளும் நுண்ணிய கோடுகளும் தெரியும். மான்கொம்பு மாதிரி தெரியட்டும் என்று எலும்பில் வரி வெட்டுவது பழைய வழக்கம். வெட்டிய பள்ளங்கள் ஒன்றுபோல் இருக்கும். உண்மைக் கொம்பில் மேடும் பள்ளமும் ஒன்றை ஒன்று ஒத்திருக்காது. பிடியின் ஓரத்திலோ முனையிலோ உட்பக்கம் பஞ்சு போன்ற துளைகள் தெரிந்தால் பெரும்பாலும் கொம்புதான். இன்னொரு வகையும் உண்டு: வழவழவென்று வெண்ணெய் நிறத்தில், குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டினால் அது தந்தம். உங்களுடையது அப்படி இல்லை என்றே தெரிகிறது. ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்தக் காலத்து செல்லுலாய்ட் பிடியாக இருந்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

கொம்பு என்று தெரிந்தால் மறைத்து வைக்க வேண்டாம். இப்படிப்பட்ட பொருள் வாரிசாக வந்தால் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் 40ஆம் பிரிவு. தாத்தா தவறி ஒரு மாதம்தான் ஆகிறது என்பதால் உங்களுக்கு நாள் இருக்கிறது. முதலில் இந்த வழக்குகள் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பாருங்கள், தேனியில் கிடைப்பார்கள். கத்தியின் இரண்டு பக்கப் படம், தாத்தாவின் வேலைச் சான்று ஏதாவது, இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். தாத்தா காலத்தில் அறிவிப்புச் செய்திருந்தாரா என்று அவர் பெட்டியையும் தேடுங்கள். அதன்பிறகு வனத்துறைக்கு மனு எழுதலாம். அதுவரை கத்தி வீட்டைவிட்டு நகர வேண்டாம். வனத்துறை செக்போஸ்ட்கள் உள்ள பாதையில் மிளாக் கொம்புப் பிடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தினமும் இரண்டு தடவை போவதற்கு எந்த அவசியமும் இல்லை.

எலும்பு என்று தெரிந்தாலும் ராட்ஜர்ஸைத் தினசரி வேலைக்கு எடுக்க வேண்டாம் என்பேன். அது துருப்பிடிக்கும் கார்பன் எஃகு. எலுமிச்சை நறுக்கினால் அரைமணியில் கறுக்கும். கறுப்பு நல்லது, அது கவசம். சிவப்புத் துருதான் அரிக்கும். சிவப்பு தெரிந்தால் எண்ணெய் தொட்ட மெல்லிய இரும்பு நாரால் அந்த இடத்தை மட்டும் தேயுங்கள். எமரித் தாளையும் பளபளப்பு பாலிஷையும் பக்கத்திலேயே விடாதீர்கள். நட்சத்திரமும் சிலுவையும் தேய்ந்துபோனால் அந்தக் கத்திக்கு அடையாளமே இல்லை. சாணை பிடிப்பவரிடம் கொடுப்பதும் கூடாது. உலர்ந்த சக்கரத்தில் தீப்பொறி பறக்க ஒரு இழுப்பு இழுத்தால் விளிம்பு நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம், பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. எண்ணெய்க் கல்லில் பதினைந்து, இருபது டிகிரிச் சாய்வில் மெதுவாகத் தேய்த்தால் போதும். தோல் உறையில் போட்டு அலமாரியில் வைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. தோல் பதனிட்ட அமிலமும் மலையின் ஈரமும் சேர்ந்து ஒரு ஆனி-ஆடி மழைக்குள் அலகைத் தின்றுவிடும். பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள்.

வெங்கருக்கு இவ்வளவு செல்லம் தேவையில்லை. வெங்கரை இன்னொரு சுவிஸ் கத்திக் கம்பெனியான விக்டோரினாக்ஸ் 2005இல் வாங்கியது, 2013இல் அந்தப் பெயரில் கத்தி வருவதை நிறுத்துவதாக அறிவித்தது. நின்றுபோனதே தவிர அரிய பொருள் இல்லை, ஏராளமாகச் செய்து விற்றது. அடையாளம் கேட்டால், வெங்கரின் சிலுவை மூலை மழுங்கிய சதுரத்துக்குள் இருக்கும், விக்டோரினாக்ஸினது கேடயத்துக்குள். வெங்கர் கத்தரிக்கோலின் ஓரத்தில் பொடிப்பொடியாக ரம்பப் பல் இருக்கிறதே, அதைக் கல்லில் தேய்த்து அழித்துவிடாதீர்கள், துணியும் நாரும் வழுக்காமல் இருப்பதற்காக வைத்தது. உள்ளே இருக்கும் வில் தகடுகளை ரிவிட் அடித்து இறுக்கியிருக்கிறார்கள். ஒன்று உடைந்தால் மொத்தக் கத்தியையும் பிரிக்க வேண்டும், பிரித்தால் உதிரி கிடைக்காது. அதனால் அலகை வைத்து எதையும் நெம்பாதீர்கள். மண்ணும் ஏலப் பிசினும் ஏறினால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் திறந்து மூடிக் கழுவி, நன்றாக உலர்த்தி, மூட்டுக்கு ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். பழம் நறுக்குவதாக இருந்தால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின். தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். மார்கழிக் காலையில் குமுளிக் குளிரில் கத்தி திறக்காது, நகம்தான் பெயரும். நாள்பட்டால் சிக்கு நாற்றமும் பிசுக்கும் வேறு.

கோட்டயத்துக்காரர் விஷயம். பிடி மான்கொம்பு என்றால் விற்கவே கூடாது. காசு வாங்கிக் கைமாற்றுவது குற்றம், வாங்குகிறவர் எவ்வளவு பெரிய சேகரிப்பாளராக இருந்தாலும் சரி. எலும்பு என்றால் விற்கலாம், ஆனால் அவர் சொன்ன முதல் விலைக்குக் கொடுக்காதீர்கள். ராட்ஜர்ஸ் பெயரில் போலிகள் எக்கச்சக்கம், எனவே அவரும் லென்ஸோடுதான் வருவார். பெயருக்குக் கீழே 'ஷெஃபீல்ட்' மட்டும் இருக்கிறதா, 'இங்கிலாந்து' என்றும் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்கச் சுங்கச் சட்டம் காரணமாக 1891 முதல் நாட்டின் பெயர் பொறிப்பது வழக்கமானது, அதை வைத்துக் காலம் கொஞ்சம் பிடிபடும். அலகு தேய்ந்து ஒல்லியாகிவிட்டதா, திறக்கும்போது 'டப்' என்று ஓசை வருகிறதா, பக்கவாட்டில் ஆடுகிறதா என்ற மூன்றும்தான் விலையை ஏற்றி இறக்கும். அவர் வரும் முன் துலக்கி வைக்காதீர்கள், இருக்கிற நிலையிலேயே காட்டுங்கள்.