எட்டரைக்கு விளக்கணைத்தால் பத்தரை வரை சண்டைதான்

வணக்கம். என் மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. போன வருஷம் ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) என்று சொன்னார்கள். காலையில் மாத்திரை கொடுக்கிறோம், பள்ளியில் பரவாயில்லை. இரவுதான் தாங்கவில்லை. எட்டரைக்கே விளக்கை அணைத்துப் படுக்கவைக்கிறேன். தண்ணீர், பாத்ரூம், பசி, நாளைக்கு என்ன பீரியட் என்று பத்தரை வரை இழுக்கிறான். இரண்டு அடி போட்டால் தூங்குவான் என்கிறார் அவன் அப்பா. மாமியார் சுற்றிப்போடச் சொல்கிறார். எங்களோடு படுப்பதால் கெட்டுப்போகிறானா? ஆன்லைனில் விற்கும் மெலடோனின் கம்மி (தூக்க ஹார்மோன் கலந்த மிட்டாய்) கொடுக்கலாமா?
(பெயர் வேண்டாம், ஈரோடு)

அன்புள்ள அம்மா,

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் இப்படிக் கடிதங்கள் வருவது வழக்கம். எல்லாவற்றிலும் பிள்ளை எத்தனை மணிக்குப் படுக்கிறது என்று இருக்கும். எத்தனை மணிக்கு எழுகிறது என்று இருக்காது. உங்கள் கடிதத்திலும் இல்லை. கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயம் என்பதால் உடனே எழுதுகிறேன்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். சுற்றிப்போடுவதில் கெடுதல் ஒன்றுமில்லை, ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். கூடப் படுப்பதால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போவதில்லை. கம்மியை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். 2023-இல் அமெரிக்காவில் 25 மெலடோனின் கம்மிகளைச் சோதித்தார்கள். 22-இல் லேபிளில் போட்ட அளவு ஒன்று, உள்ளே இருந்த அளவு வேறு. மெலடோனின் தேவையா, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதை மாத்திரை எழுதிய டாக்டர் சொல்லட்டும்.

அடி விஷயம் மட்டும் சில்லறை இல்லை. அடி விழுந்த உடம்பு படபடத்து இன்னும் விழித்துக்கொள்ளும், தூக்கம் மேலும் தள்ளிப்போகும். உங்கள் கணவர் ஒன்பது மணிக்கு ஹால் டிவியை நிறுத்தினாலே போதும், கைக்கு வேறு வேலை தர வேண்டாம்.

இப்போது அந்த எட்டரைக்கு வருவோம். தூக்கம் வராமல் தவிக்கும் ஏடிஹெச்டி பிள்ளைகளுக்கு இரவில் மெலடோனின் சுரக்கத் தொடங்குவதே சராசரியாக முக்கால் மணி நேரம் தாமதம் என்று நெதர்லாந்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். இன்னொன்று, வழக்கமாகத் தூக்கம் வரும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் உடற்கடிகாரம் விழிப்பை இறுக்கிப் பிடித்துவைத்திருக்கும். உங்கள் மகனுக்குத் தூக்கம் வருவது பத்தரைக்கு. நீங்கள் படுக்கவைப்பது அவன் உடம்பு நன்றாக முழித்திருக்கும் நேரத்தில். இருட்டில் இரண்டு மணி நேரம் சும்மா கிட என்றால் பெரியவர்களே கிடக்க மாட்டோம். தினமும் இப்படி நடந்தால் பாய் என்றாலே அவனுக்குச் சண்டை ஞாபகம்தான் வரும்.

ஆகவே ஒரு வாரம் காலண்டர் ஓரத்தில் இரண்டு எண் மட்டும் எழுதுங்கள்: உண்மையில் தூங்கிய நேரம், எழுந்த நேரம். சராசரி பத்தரை என்றால் பத்தரைக்கே படுக்கவையுங்கள். பதறாதீர்கள், தற்காலிகம்தான். அதுவரை அவன் பாயை மிதிக்கக் கூடாது. ஒன்பதரைக்கு வெள்ளை டியூப்லைட்டை அணைத்து மஞ்சள் பல்பைப் போடுங்கள். போன் கிடையாது. வண்ணம் தீட்டலாம், மறுநாள் பையை அடுக்கலாம். "பல் தேய், பாத்ரூம் போ, சட்டை மாத்து" என்று ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். இரண்டாவது வேலைக்குள் முதலாவது மறந்திருக்கும். ஒன்று முடிந்தபின் அடுத்தது.

காலை ஆறரை என்றால் ஆறரை. ஞாயிறும் ஆறரை, லீவும் ஆறரை. எழுந்ததும் மாடியிலோ வாசலிலோ இருபது நிமிஷம் வெயில் படட்டும். எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். ஆறு நாள் ஒழுங்காக இருந்துவிட்டு, "பாவம், ஒரு நாள் தூங்கட்டும்" என்று ஞாயிறு ஒன்பது வரை விட்டால், அன்றிரவு பதினொன்றரைக்கும் தூக்கம் வராது. மே மாதம் முழுக்க அப்படி விட்டதன் பலன்தான் ஜூன் மாதக் கடிதங்கள். தூங்கும் நேரம் நம் கையில் இல்லை, தூக்கத்தை அதட்டி வரவழைக்க முடியாது. எழுப்பும் நேரம் முழுக்க நம் கையில். கையில் இருப்பதை விட்டுவிட்டு இல்லாததோடு ஏனம்மா மல்லுக்கட்டுகிறீர்கள்?

படுத்த இருபது நிமிஷத்துக்குள் தொடர்ந்து மூன்று இரவு தூங்கிவிட்டால், கால் மணி முன்னால் இழுங்கள். பத்தேகால், பிறகு பத்து. அரை மணி தாவினால் மறுபடி சண்டை. ஒன்பது மணிக்கு வந்துசேர ஆறு படி, ஏறக்குறைய மூன்று வாரம். இந்த வயதில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதால் பத்தரையிலேயே நின்றுவிடாதீர்கள். இருபது நிமிஷத்தில் தூங்கவில்லையென்றால் எழுப்பி மஞ்சள் வெளிச்சத்தில் சும்மா உட்காரவையுங்கள். கண் சொருகியபின் பாய்க்கு. அமெரிக்க உளவியலாளர்கள் பியாசாவும் ஃபிஷரும் 1991-இல் எழுதிய முறைதான் இது, ஏதோ நான் கண்டுபிடித்ததில்லை. சாயங்காலம் ஸ்கூல் வேனில் தூங்கிவிட்டால் அத்தனையும் வீண். வேன் அக்காவிடம் சொல்லிவையுங்கள், கையில் முறுக்கைக் கொடுத்துப் பேச்சுக் கொடுக்கட்டும்.

தண்ணீர், பீரியட் சாக்குகளுக்கு உளவியலாளர் ஃப்ரைமன் 1999-இல் சொன்ன ஒரு வழி உண்டு. பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி, அவன் பெயர் எழுதி ஒரு அட்டை செய்யுங்கள். இரவுக்கு ஒரு தடவை அதைக் கொடுத்து ஒன்று கேட்கலாம். அட்டை உங்கள் கைக்கு வந்துவிட்டால் அவ்வளவுதான். இரண்டாவது தடவை வந்தால் திட்டாதீர்கள், பேசாமல் கூட்டிப்போய்ப் படுக்கவையுங்கள். முதல் சில நாள் அழுகை கூடும்; அப்போது இளகி ஒரு தடவை விட்டுக்கொடுத்தால், அழுதால் கிடைக்கும் என்று படித்துக்கொள்வான்.

இதனால் ஏடிஹெச்டியே போய்விடாது. ஆனால் மெல்பர்னில் 244 குழந்தைகளை வைத்துச் செய்து 2015-இல் வெளியான ஆய்வில், பெற்றோருக்கு இப்படித் தூக்கப் பழக்கங்களைச் சொல்லிக்கொடுத்ததில் பகல் நேர அறிகுறிகளும் குறைந்தன.

டாக்டரிடம் போகும்போது காலண்டரைக் கொண்டுபோங்கள். மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுக்கிறீர்கள், சாயங்காலம் வேகம் இறங்கும்போது எப்படி இருக்கிறான் என்று சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குறட்டை, வாயால் மூச்சு இருந்தால் மூக்கு-தொண்டை டாக்டர் பார்க்க வேண்டும். படுத்ததும் காலை உதறிக்கொண்டே இருக்கிறான் என்றால் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பு) பரிசோதனை கேளுங்கள், இரும்புச்சத்துக் குறைவு பல நேரம் அப்படித்தான் தெரியவரும்.

அடுத்த மாதம் ஆடி, அம்மன் கோயில் திருவிழா என்று ஒரு நாள் பன்னிரண்டு ஆகத்தான் செய்யும். போய்வாருங்கள். மறுநாள் ஆறரைக்கு எழுப்பிவிடுங்கள், மிஞ்சினால் ஏழு.