மழையில் உதிரும் கண்ணாடி மயில்

கோபிசெட்டிபாளையம் வீட்டுப் போர்டிகோவில் மேற்குச் சுவரில் மாட்டிய, கண்ணாடிச் சில்லுகளை ஒட்டிச் செய்த மயில் மொசைக் ஐப்பசி மழைக்குப் பிறகு உதிர்கிறது, விழுந்த சில்லுகளை மட்டும் திரும்ப ஒட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாதுங்க. பிளைவுட்டில் தச்சர்களின் வெள்ளைப் பசையால் ஒட்டியதாகச் சொல்கிறீர்களே, கோளாறே அதுதான். ஈரத்தில் பலகை உப்பும், பசை இளகும். கண்ணாடியோ தண்ணீரை இழுக்காது, வளைந்தும் கொடுக்காது.

அந்த இளக்கமே இப்போது உதவும். முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பைத் துடைத்துக் காயவிட்டு, அகலமான டேப்பை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி முழுக்க ஒட்டுங்கள். குப்புறப் போட்டு, பலகையை ஈரத்துணியால் நன்றாக ஊறவைத்து, பட்டித் தகட்டால் ஓரத்திலிருந்து மெதுவாக நெம்புங்கள். அவசரம் கூடாது. சில்லுகளின் பின்புறத்தில் பழைய பசை துளியும் இருக்கக்கூடாது.

அப்புறம் சிமெண்ட் போர்டில், பாலிமர் கலந்த வெள்ளை டைல் பசையால் ஒட்டுங்கள். சாம்பல் நிறப் பசை வேண்டாம், கண்ணாடி வழியே தெரிந்து மயில் கழுத்தின் நீலமே செத்துவிடும். இடுக்குகளை நிரப்ப மணல் இல்லாத கிரௌட் கலவை. மணல் கண்ணாடியைக் கீறும்.

தங்கச் சில்லுகளை மட்டும் தனியாகப் பாருங்கள். கி.பி. 547இல் அர்ப்பணிக்கப்பட்ட இத்தாலியின் ரவென்னா சான் விட்டாலே தேவாலயத்து மொசைக்கில் தங்கத் தகடு இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கிறது, அதனால் இன்றும் மின்னுகிறது. உங்களுடையதில் பின்புறம் வெறும் பெயின்ட் என்றால், நகத்தால் கீறினாலே உரியும். அவற்றை மாற்றிவிடுங்கள்.

மாட்டும்போது சுவருக்கும் போர்டுக்கும் நடுவே காற்றுப் போக இடம் விடுங்கள்.