சுற்றி வைத்த நூலை யார் அவிழ்ப்பது? ஹிஸ்டோன் பற்றி நீங்கள் கேட்டவை

டி.என்.ஏ.யைப் பொதி செய்யும் புரதங்கள் பற்றிக் கேளுங்கள் என்று போன கிழமை சொல்லியிருந்தேன். உயர்தரப் பிள்ளைகள்தான் கேட்பார்கள் என்று நினைத்தால், காட்டுக்குத் தேன் எடுக்கப் போகிறவரும் கேட்டிருக்கிறார், ஒரு தாயும் கேட்டிருக்கிறார். கலம் (செல்), கரு (கலத்துக்குள் டி.என்.ஏ. இருக்கும் அறை), நொதியம் (கலத்தின் வேலைகளை நடத்தும் புரதம்) என்று நம் பாடநூல் சொற்களையே பாவிக்கிறேன். ஜீன் (டி.என்.ஏ.யில் ஒரு செய்முறை எழுதிய துண்டு) மட்டும் ஜீனாகவே இருக்கட்டும்.

ரீச்சர், ஹிஸ்டோன் என்பது டி.என்.ஏ.யைச் சுற்றி வைக்கிற புரதம் என்று படித்தோம். சும்மா சுற்றி வைப்பது எப்படி ஒரு ஜீனை வேலை செய்ய வைக்கும்? (உயர்தர மாணவி, புதுக்குடியிருப்பு)

அந்த "சும்மா"வில்தான் பிழை, பிள்ளை.

மனிதக் கலம் ஒன்றில் உள்ள டி.என்.ஏ. முழுவதையும் நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 2 மீற்றர் வரும். அது அடங்க வேண்டிய கருவோ ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே சுற்றித்தான் ஆக வேண்டும். எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்ற ஹிஸ்டோன்களில் இரண்டிரண்டு சேர்ந்து, எட்டுப் புரதங்கள் கொண்ட ஓர் உருண்டை ஆகிறது. நூற்கட்டையில் நூல் சுற்றுவது போல டி.என்.ஏ.யின் 147 சோடி எழுத்துகள் அதை ஒன்றேமுக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றியிருக்கும். இதுதான் நியூக்கிளியோசோம்.

இனி என் கதையைக் கேள். 2008 கடைசியில் நாங்கள் இடம்பெயர்ந்தபோது வீட்டுச் சாமான் முழுவதையும் ஓர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். அரிசிப் பானையும் லாந்தரும் மேலே, காணி உறுதி அம்மாவின் கையில். தையல் மெசின் அடியில் போய்விட்டது. அடுத்த சில மாதம் அந்த மெசின் எங்களிடம் இருந்தது, ஆனால் ஒரு சட்டைகூடத் தைக்க முடியவில்லை. கலத்திலும் இதே நிலைமைதான். உன் ஈரல் கலத்திலும் மூளைக் கலத்திலும் புரதம் செய்யும் ஜீன்கள் அதே ஏறத்தாழ 20,000தான். எது மேலே இருக்கிறது, எது அடியில் கிடக்கிறது என்பதில்தான் பெரிய வித்தியாசம். ஜீனைப் படிக்கும் நொதியத்துக்குக் கை எட்டாவிட்டால் ஜீன் இருந்தும் பயனில்லை.

சரி, பெட்டியை யார் பிரித்து அடுக்குவது? ஹிஸ்டோன்களிலிருந்து வால் போன்ற நுனிகள் வெளியே நீண்டிருக்கும். அவற்றில் லைசின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. லைசினுக்கு நேர் மின்னேற்றம், டி.என்.ஏ.க்கு மறை மின்னேற்றம், ஆகவே இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒரு நொதியம் வந்து லைசினில் அசற்றைல் கூட்டம் என்ற சிறு இரசாயனத் துண்டு ஒன்றைப் பூட்டினால் அந்த நேர் ஏற்றம் போய்விடும், பிடி தளரும், ஜீன் படிக்க எட்டும். வேறொரு நொதியம் அதைக் கழற்றிவிட்டால் பழையபடி இறுகும்.

மெதைல் கூட்டம் என்ற இன்னொரு சிறு துண்டு வேறு மாதிரி, பரீட்சையில் பலர் கோட்டை விடுகிற இடமும் இதுதான். மெதைல் பூட்டினால் ஏற்றம் மாறாது. அது ஓர் அடையாளம் மட்டும், அதைப் பார்த்து வேறு புரதங்கள் வந்து உட்காரும். எங்கே பூட்டியது என்பதைப் பொறுத்தே அர்த்தம். எச்3 வாலின் 4ஆவது லைசினில் மூன்று மெதைல் இருந்தால் பெரும்பாலும் வேலை நடக்கும் ஜீனின் தொடக்கம். 9ஆவதிலோ 27ஆவதிலோ இருந்தால் பெரும்பாலும் மூடி வைத்த இடம். "மெதைல் என்றால் ஜீன் நிற்கும்" என்று ஒரே வரியில் பாடமாக்காதே.

ஹிஸ்டோனை யார் கண்டுபிடித்தது? (மாங்குளம்)

ஜெர்மனியரான அல்பிரெக்ட் கொசெல் 1884இல், வாத்தின் இரத்தத்திலிருந்து. ஏன் வாத்து? எங்கள் செங்குழியத்தில் கரு இல்லை, பறவைக்கு உண்டு. அதன்பின் மிக நீண்ட காலம் ஹிஸ்டோனை வெறும் சாக்குப்பை மாதிரித்தான் பார்த்தார்கள். 1964இல் வின்சென்ட் ஆல்ஃப்ரி, அசற்றைல் ஏறுவதற்கும் ஜீன் வேலை செய்வதற்கும் தொடர்பு இருக்கலாம் என்றார். அவ்வளவாக யாரும் காது கொடுக்கவில்லை. 1996இல் டேவிட் அல்லிஸின் குழு அசற்றைல் பூட்டும் நொதியம் ஒன்றை இனங்கண்டது. ஈஸ்ற்றில் ஜீன்களை இயக்குவது என்று முன்பே தெரிந்திருந்த புரதத்தின் உறவுதான் அது. அதற்குப் பிறகு மறுக்க வழியில்லை.

கஞ்சி மட்டும் குடித்துக் கிடந்த காலத்தில் என் மகள் வயிற்றில் இருந்தாள். அந்தப் பசி அவளுடைய ஜீனில் பதிந்திருக்குமா? அவளுடைய பிள்ளைக்கும் போகுமா? (ஒரு தாய், முல்லைத்தீவு)

இதைக் கடைசிக்கு வைக்க நினைத்தேன் அக்கா. பிறகு மனம் கேட்கவில்லை.

ஜீனின் எழுத்துகள் பசியால் மாறுவதில்லை. அடுக்கி வைத்த விதம் மாறக்கூடும். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம். அப்போது கருவில் உருவானவர்களை ஏறத்தாழ அறுபது வருடம் கழித்துப் பரிசோதித்தார்கள். 2008இல் வந்த முடிவின்படி, வளர்ச்சியோடு தொடர்புள்ள ஐ.ஜி.எஃப்.2 என்ற ஜீனில் மெதைல் அடையாளம் அவர்களின் கூடப்பிறந்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. அந்த மெதைல் ஹிஸ்டோனில் அல்ல, டி.என்.ஏ.யிலேயே இருப்பது. இரண்டும் கைகோர்த்து வேலை செய்பவை என்பதால் இங்கே சொல்கிறேன். வித்தியாசம் சிறியதுதான். ஆனால் கருவில் பஞ்சம் கண்டவர்களுக்குப் பின்னாளில் சீனி கட்டுப்படாமல் போவது கூடுதலாக இருந்தது என்பதும் உண்மை. ஆகவே மகளுக்கு வருடத்துக்கு ஒரு தரம் சீனியும் பிறெசரும் பார்த்துவிடுங்கள். அதற்கு மேல் பயப்பட இதில் ஒன்றுமில்லை.

பேரப்பிள்ளையைப் பற்றி ஊரில் நிறையக் கதைக்கிறார்கள், "எங்கள் துயரம் ஏழு தலைமுறைக்கும் இரத்தத்தில் ஓடும்" என்று மேடையில்கூடச் சொல்கிறார்கள். உயிரியல் அப்படிச் சொல்லவில்லை. விந்து உருவாகும்போது ஹிஸ்டோன்களில் பெரும்பகுதியைக் கழற்றிவிட்டு புரோட்டமின் என்ற வேறு புரதத்தில் டி.என்.ஏ.யை இறுக்குகிறது உடல். கருக்கட்டிய பிறகு அடையாளங்களில் பெரும்பாலானவை அழிந்து புதிதாக எழுதப்படுகின்றன. சில தப்பலாம், எலிகளில் சான்றுகள் உண்டு. மனிதரில் அதை உறுதியான உண்மையாகச் சொல்ல இன்னும் ஆதாரம் போதாது. பேரப்பிள்ளை உங்களிடமிருந்து கேட்டு அறிவது வேறு வழியில் போவது, அதற்கு ஹிஸ்டோன் தேவையில்லை.

வலிப்புக்கு வல்புரோவேட் குடிக்கிறேன். அது ஜீனை மாற்றிவிடும், நிறுத்து என்று ஒருவர் சொன்னார். (பெண், 24, கிளிநொச்சி)

நிறுத்த வேண்டாம் தங்கச்சி. திடீரென நிறுத்தினால் வலிப்புத் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சொன்னவர் பாதி கேட்டுப் பாதி கேட்காமல் சொல்லியிருக்கிறார். அசற்றைலைக் கழற்றும் நொதியத்தை வல்புரோவேட் தடுக்கும் என்பது உண்மை. எழுத்துகளை அது மாற்றாது. ஆனால் கர்ப்ப காலத்தில் இந்த மருந்து பிள்ளையின் முள்ளந்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கலாம். பிள்ளை பெறும் எண்ணம் வருவதற்கு முன்பே, வந்த பிறகல்ல, கிளினிக்கில் கதைத்து வேறு மருந்துக்கு மாறலாமா என்று கேளுங்கள்.

காட்டில் தேன் எடுக்கிறோம். ராணியும் வேலைக்காரத் தேனீயும் ஒரே மாதிரி முட்டையில் இருந்துதான் வருமாம், உண்மையா? (ஒட்டுசுட்டான்)

உண்மைதான் ஐயா. எந்தப் பெண் முட்டையும் ராணியாகலாம். ராணியாகப் போகும் புழுவுக்கு மட்டும் கடைசிவரை அந்த வெள்ளைக் கூழைக் கொடுப்பார்கள், மற்றவை சில நாளில் தேனும் மகரந்தமும் கலந்த சாப்பாட்டுக்கு இறங்கிவிடும். 2008இல் அவுஸ்திரேலியாவில், டி.என்.ஏ.யில் மெதைல் பூட்டும் நொதியம் ஒன்றைப் புழுக்களில் அடக்கிப் பார்த்தார்கள். பெரும்பாலானவை ராணியாகவே வந்தன. கூழில் உள்ள கொழுப்பமிலம் ஒன்று அசற்றைல் கழற்றும் நொதியத்தைத் தடுப்பதாகவும் பிறகு கண்டார்கள். அதற்காக அந்தக் கூழைப் போத்தலில் அடைத்து "இளமை திரும்பும்" என்று விற்பவரிடம் காசைக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் புழு இல்லை.

எங்கள் வீட்டு மூன்று நிறப் பூனை எப்போதும் பெண் குட்டியாகவே இருப்பது ஏன்? (எட்டாம் ஆண்டு, வவுனியா)

இதுவும் பொதி செய்வதில்தான் இருக்கிறது, கெட்டிக்காரா. செம்மஞ்சளா கறுப்பா என்று தீர்மானிக்கும் ஜீன் எக்ஸ் நிறமூர்த்தத்தில் (டி.என்.ஏ. சுருண்டிருக்கும் கட்டுகளில் ஒன்று) இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். கருவில் சிறிதாக இருக்கும்போதே ஒவ்வொரு கலமும் இரண்டில் ஒன்றை இறுக்கிச் சுருட்டி மூடிவிடும், எதை மூடுவது என்பதில் ஒழுங்கில்லை. ஒரு திட்டில் செம்மஞ்சள் மூடும், பக்கத்துத் திட்டில் கறுப்பு மூடும். மேரி லயன் 1961இல் சொன்னது இது. வெள்ளை வேறு ஜீனின் வேலை. ஆணுக்கு ஓர் எக்ஸ்தான், ஆகவே ஒரே நிறம். மிக அரிதாக இரண்டு எக்ஸும் ஆணுக்கே உரிய வை (Y) நிறமூர்த்தம் ஒன்றும் உள்ள ஆண் பிறப்பதுண்டு. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று வந்தால் எனக்குப் படம் அனுப்பு.