பழைய வேகனில் மூடிய பெட்டி ட்ரெயிலர் கட்டலாமா?

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "நான் சவுண்ட் சிஸ்டம் வாடகைக்குக் கொடுக்கிறேன். என்னிடம் இருப்பது 1993ஆம் ஆண்டு கொரோலா சிஈ106 வேகன், டீசல், கை கியர். எட்டடி நீளம், ஐந்தடி உயரத்தில் தகரப் பெட்டி அடித்த ட்ரெயிலர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதற்கு பிரேக் இல்லை. வெறும் பெட்டி 300 கிலோ. ஸ்பீக்கர், அம்ப்ளிஃபயர், ஜெனரேட்டர், வயர் எல்லாம் ஏற்றினால் இன்னும் 450 கிலோ வரும். கோயில் திருவிழாக்களுக்கு வெருகல், கந்தளாய் வரை கொண்டுபோகலாமா, அண்ணன்?"

தம்பி, 750 கிலோவை இந்த வேகனில் கட்டாதீர்கள். 500 கிலோவுக்குள் என்றால் கட்டலாம், அதுவும் சில வேலைகளைச் செய்த பிறகு.

உங்கள் என்ஜின் 750 கிலோவையும் இழுத்துவிடும். அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். வேகனின் எடை 1,100 கிலோவுக்குக் கிட்ட. பிரேக் இல்லாத ட்ரெயிலர் காரின் எடையில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்பது ஐரோப்பாவில் சட்டமாகவே இருக்கிறது. அந்தக் கணக்கு நம் வீதிக்கும் பொருந்தும். கந்தளாய் வீதியில் இரவில் யானை குறுக்கே வந்தால், உங்கள் நாலு சில்லுப் பிரேக்தான் இரண்டு வண்டியையும் நிறுத்த வேண்டும். ஜெனரேட்டரையும் பெரிய பேஸ் பெட்டிகளையும் பட்டா என்கிற சின்ன லொறி ஒன்றில் தனியாக அனுப்பிவிடுங்கள். அந்த வாடகைக் காசு வீண் செலவு அல்ல. அல்லது ட்ரெயிலருக்கு ஓவர்ரன் பிரேக் பூட்டுங்கள்: கார் வேகம் குறையும்போது பெட்டி முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலே பெட்டியின் பிரேக்கைப் பிடிக்கும். பூட்டினாலும் நான் 600 கிலோவுக்கு மேல் சம்மதிக்க மாட்டேன்.

அடுத்தது காற்று. திறந்த ட்ரெயிலரில் இந்தக் கவலை குறைவு. உங்கள் வேகனின் கூரை ஐந்தடி உயரம், பெட்டியின் உச்சி ஏழடி வரும். மேலே இரண்டடித் தகரம் நேராகக் காற்றில் மோதும். வேகம் 50இலிருந்து 70 ஆனால் காற்றுத் தடை ஏறத்தாழ இரண்டு மடங்காகும், என்ஜின் சூடும் அதற்கேற்ப ஏறும். உங்கள் வேகனில் இருக்கும் 2சி டீசல் என்ஜினுக்கு சூடு ஆகவே ஆகாது, என்ஜினின் மேல்பகுதியான ஹெட் வெடித்துவிடும். எனவே ரேடியேட்டரை முதலில் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். சூடு காட்டும் ஊசி மேலே ஏறினால் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு ஓரம் கட்டுங்கள்.

பக்கவாட்டுக் காற்று இன்னும் மோசம். உங்கள் பெட்டியின் ஒரு பக்கம் 40 சதுர அடி. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் கச்சான் காற்று அடித்தால் அதன்மேல் 40 கிலோவுக்கு மேல் விசை விழும். கிண்ணியாப் பாலத்தில் ஏறத்தாழ 400 மீற்றருக்கு ஒதுங்க ஒரு மரம் கிடையாது. வெருகலுக்கு அந்தப் பாலம் தாண்டித்தான் போக வேண்டும், அங்கே 40க்கு மேல் போகாதீர்கள். மற்ற இடங்களில் 60 போதும்.

இனி, நான் மிக முக்கியமாக நினைப்பது: பெட்டிக்குள் எதை எங்கே வைக்கிறீர்கள் என்பது. கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. விழா முடிந்து நள்ளிரவில் பையன்கள் கைக்கு வந்ததைத் தூக்கிப் போடுவார்கள், கனமான அம்ப்ளிஃபயர் கடைசியில் கதவோரம் வந்து நிற்கும். அப்போது பெட்டியின் மூக்கு, அதாவது காரில் கட்டும் முன்முனை, இலேசாகும். மூக்கு இலேசான பெட்டி ஓடும்போது இடமும் வலமுமாக வாலாட்டும். பெட்டியின் மொத்த எடையில் 7 முதல் 10 சதவீதம் காரின் பின்னால் உள்ள கொக்கியில் இறங்க வேண்டும். 500 கிலோ பெட்டிக்கு 35 முதல் 50 கிலோ. அளப்பது சுலபம்: சமதரையில் பெட்டியை நிறுத்தி, வீட்டில் ஆள் நிறுக்கும் தராசின்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கொக்கி காரில் நிற்கும் அதே உயரத்தில் மூக்கை அதன்மேல் இறக்குங்கள். கனமான சாமான்களை சில்லுக்கு நேராகவும் சற்று முன்னாலும் தரையோடு வைத்து, பட்டியால் இறுக்குங்கள். அந்த இடங்களைப் பெயின்டால் தரையில் குறித்துவிட்டால் பையன்களுக்கும் குழப்பம் வராது.

மூக்கின் பாரத்தைக் கூட்டிக்கொண்டே போவதும் பிழை. உங்கள் வண்டியை இழுப்பது முன்சில்லு. கொக்கி பின்சில்லுக்கு 90 சென்ரிமீற்றர் பின்னால் இருந்தால், 50 கிலோ இறங்கும்போது முன்சில்லில் இருந்து 18 கிலோ குறையும். ஈரமான உவர்மலை ஏற்றத்தில் வழுக்கும். அதனால் டிக்கியை வெறுமையாக விடுங்கள். மிச்சச் சாமானை முன் ஆசனத்துக்குப் பின்னால் வையுங்கள்.

பெட்டி வாலாட்டத் தொடங்கினால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை எதிர்த்துத் திருப்பவும் வேண்டாம். அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள். வேகம் குறையத் தானாக அடங்கும்.

அப்புறம் துரு. கடலோரத்தில் முப்பது வருஷம் ஓடிய வண்டி. எனது கராஜுக்கு ஒருமுறை வந்த வேகனில் கொக்கியை வெறும் பின்தகட்டில் பூட்டியிருந்தார்கள். தகடு கடதாசிபோல் கிழிந்து தொங்கியது. நல்லவேளை, சங்கிலி பிடித்துக்கொண்டது. உங்கள் வண்டியின் அடிச்சட்டத்தை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் வெல்டிங் முடியும்வரை கொக்கிப் பேச்சே வேண்டாம். கொக்கி இரண்டு பக்க அடிச்சட்டத்திலும் தடித்த தகடு வைத்து பூட்டப்பட வேண்டும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கொக்கிக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள், மூக்கு கழன்றாலும் தரையில் குத்தாது. லைட்டுக்கு ஏர்த் வயர் தனியாக இழுங்கள். உப்புக்காற்றில் கொக்கி வழியான ஏர்த் நிலைக்காது.

பிரேக் ஒயில் மாற்றி எத்தனை வருஷம்? அது ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 ஒயில் 205 பாகையில் கொதிக்கும், ஈரம் ஏறியது 140இலேயே கொதித்துவிடும், பெடல் கீழே போய்விடும். மாற்றிவிடுங்கள். ட்ரெயிலருக்குப் பதிவுப் புத்தகம் இருக்கிறதா என்று பார்த்தே காசைக் கொடுங்கள், காப்புறுதிக்காரருக்கும் அறிவியுங்கள்.

முதல் ஓட்டம் பாதிச் சுமையோடு நிலாவெளி வரை போதும். அங்கே இறங்கி ட்ரெயிலரின் இரண்டு ஹப்பையும் (சில்லின் நடுப்பகுதி) தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் சரியில்லை, திரும்பி மெதுவாக வந்து கழற்றி கிரீஸ் மாற்றிய பிறகு வெருகலை யோசிக்கலாம்.