படுத்தால் தூக்கமில்லை, எழுந்தால் எரிச்சல்: கேளுங்கள், சொல்கிறேன்

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் 20 வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவள் நான். மருந்து எழுதித் தர மாட்டேன், மற்றபடி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

அக்கா, ராத்திரி 1 மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. வீட்டுக்கடன், மறுநாள் மீட்டிங் எல்லாம் வரிசைகட்டி வருகிறது.

கடைசி காபி எத்தனை மணிக்குத் தம்பி? காபியின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் கூடக்குறைய இருக்கும், ஆனால் மாலை 6 மணி டிகிரி காபி 11 மணிக்கும் பாதி உள்ளேதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், 20 நிமிடம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள், கண் சொக்கினால் திரும்பப் படுக்கலாம். மணி பார்க்காதீர்கள். சாயங்காலம் ஒரு 15 நிமிடம் ஒதுக்கி, கவலைகளை எழுதி, பக்கத்திலேயே நாளைக்கு அதற்கு என்ன செய்ய முடியும் என்றும் எழுதுங்கள். கடன் குறையாது, சரி. ஆனால் நடுராத்திரியில் வரும் கவலையை "நாளை சாயங்காலம் வா" என்று அனுப்பலாம். முதல் வாரம் அது போகாது.

ஒரு கட்டிங் போட்டால் தூக்கம் வருகிறதே?

வரும், நிற்காது. பின்ராத்திரியில் அதுவே எழுப்பிவிடும்.

இரண்டு குழந்தைகள், வேலை, மாமியாருக்கு உடம்பு சரியில்லை. எப்போதும் அசதி. சின்ன விஷயத்துக்கும் பிள்ளைகள் மேல் கத்திவிட்டு அழுகிறேன்.

யோகா பண்ணு, பாசிட்டிவாக இரு என்று ஆளாளுக்குச் சொல்லியிருப்பார்களே! நான் முதலில் ரத்தப் பரிசோதனை என்பேன்: ஹீமோகுளோபின், தைராய்டு. ஒரு நாள் நைட் டூட்டி முடித்து வந்து, சாம்பார் கொட்டியதற்காக என் மகனை அப்படித் திட்டினேன். பிறகு பார்த்தால் எனக்கு ஹீமோகுளோபின் 8தான். மனசு மனசு என்று பேசிக்கொண்டே இருந்தவளுக்கு உடம்பு தெரியவில்லை பாருங்கள்.

அடுத்தது வேலைச்சுமை. கணவரிடம் "கொஞ்சம் உதவி செய்யுங்கள்" என்று கேட்காதீர்கள்மா, எதை எப்போது செய்ய வேண்டும் என்று நினைவு வைத்துக்கொள்ளும் வேலை அப்போதும் உங்கள் தலையில்தான் இருக்கும். மாமியாரின் மாத்திரை, ஆஸ்பத்திரி, அடுத்த செக்கப் தேதி எல்லாமே இனி அவர் பொறுப்பு என்று முழுதாகக் கொடுத்துவிடுங்கள். நடுவில் ஒரு தேதி தவறினால் அவரே மாற்றி வாங்கட்டும்.

மூச்சுப் பயிற்சி நிஜமாகவே வேலை செய்யுமா?

செய்யும். 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடுங்கள்; மூச்சை விடும்போது இதயத் துடிப்பு தானாகவே சற்றுக் குறையும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். நெஞ்சுவலி என்றால் பயிற்சி வேண்டாம், முதலில் ஈசிஜி.

டாக்டரிடம் எப்போது போவது?

இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு, தூக்கம் கெட்டுவிட்டது என்றால் போங்கள். வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தால் காத்திருக்கவே வேண்டாம், அன்றே 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பே எனக்குப் பெரிய டென்ஷன். வெளியே வந்தால் பெரியப்பா கோபிப்பார்.

மியூட் போடுங்கள். பெரியப்பாவுக்குத் தெரியாது.