சிதறிய கொரிய எழுத்துகள்

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறேன். கொரிய வாடிக்கையாளர் ஆப்பிள் கணினியிலிருந்து அனுப்பும் கோப்புகளின் பெயர்கள் எங்கள் விண்டோஸ் கணினியில் எழுத்தெழுத்தாகப் பிரிந்து தெரிகின்றன. அதே பெயரைத் தட்டச்சு செய்து தேடினாலும் கோப்பு அகப்படுவதில்லை. காரணம் என்ன?
— வாசகர், திருப்பூர்

பதில்: கோப்பில் பழுதில்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் தரமான யூனிகோடு, ஒரே அசையை எழுத இரண்டு வழிகளுக்கு இடம் தந்திருப்பதே காரணம்.

கொரியரின் எழுத்துமுறையான ஹங்குலில் முதல் மெய், உயிர், சில வேளை இறுதி மெய் ஆகியவை ஒரே சதுரத்துக்குள் அடுக்கப்பட்டு ஓர் அசையாகின்றன. நாம் ‘கண்’ என்று இரண்டு எழுத்தாக எழுதுவதை அவர்கள் ஒன்றாகவே எழுதிவிடுவார்கள். முதல் மெய் 19, உயிர் 21, இறுதி மெய் 27. இறுதி மெய் இல்லாத நிலையையும் சேர்த்து 28 எனக் கொண்டு பெருக்கினால் 11,172 அசைகள் வரும். கணினி எழுத்துகளுக்கான கொரியாவின் 1987ஆம் ஆண்டுத் தரத்தில் 2,350 அசைகளுக்கே தனி இடம் இருந்தது. 1996இல் வெளிவந்த யூனிகோடு 2.0, முன்பு வேறிடத்தில் வைத்திருந்த ஹங்குல் அசைகளைப் பெயர்த்து, 11,172 அசைகளையும் அகரவரிசையில் புதிய இடத்தில் அமர்த்தியது. பழைய எண்களில் சேமித்த உரைகள் அதனால் பயனற்றுப் போயின.

அந்த வரிசையின் அழகு, அசையின் எண்ணைக் கணக்குப் போட்டே கண்டுவிடலாம் என்பதுதான். ‘ஹன்’ என்னும் அசையை எடுத்துக்கொள்வோம். சுழியத்திலிருந்து எண்ணினால் முதல் மெய் 18, உயிர் 0; இறுதி மெய்யின் எண் 4. பதினெட்டை 21ஆல் பெருக்கி, உயிரின் எண்ணைக் கூட்டி, வந்ததை 28ஆல் பெருக்கி, நான்கையும், தொடக்க எண்ணான 44,032ஐயும் சேர்த்தால் 54,620 கிடைக்கும்; அதுவே அதன் குறியெண்.

இப்படி ஓர் அசைக்கு ஒரே எண் தருவது ஒரு வழி. மற்றொரு வழியில், இந்த மூன்று உறுப்புகளும் தனித்தனிக் குறியெண்களாக அடுத்தடுத்து நிற்கும். கோப்புப் பெயர்களை இவ்வாறு பிரித்து வைக்கும் வழக்கம் ஆப்பிள் கணினிகளில் நெடுநாளாக உண்டு. தங்கள் விசைப்பலகை தருவதோ சேர்ந்த அசை. யூனிகோடு விதிப்படி இரண்டும் சமமே என்றாலும், எண்களை மட்டும் ஒப்பிடும் தேடலுக்கு அவை வெவ்வேறு சொற்கள்.

தமிழிலும் இதே நிலை உண்டு. ‘கொங்கு’ என்பதன் முதலெழுத்தை, ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

கோப்புகள் வந்தவுடன் பெயர்களை ‘என்.எஃப்.சி’ எனப்படும் சேர்த்த வடிவுக்கு மாற்றும் சிறு நிரலை ஓடவிட்டால் தேடல் சரியாகும். அது இயலாதெனில், ஆர்டர் எண்ணை மட்டும் கோப்புப் பெயராக இடும்படி வாடிக்கையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.